டிக்கெட் போட்டாச்சா? நெல்லையிலிருந்து நெடும்பயணம் போகிறவரின் கணக்கு

திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் சென்னைக்குப் போகப்போவதாகச் சொன்னால், எதற்கு என்று கேட்பதற்கு முன்பே "டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியில் டிக்கெட் என்றால் ரயில் டிக்கெட்தான். பஸ்ஸுக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை. பஸ் எப்போதும் கிடைக்கும். பணம்தான் கூடக்குறைய ஆகும். ரயிலில் பணம் ஒரே பணம், இடம்தான் இருக்காது. ரயில், பஸ், கார், விமானம் நான்கில் எது மலிவு என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கோணிவிடுகிறது. நான்கு கட்டணங்களை வரிசையாக எழுதி எது சின்ன எண் என்று பார்க்கிறோம். அவற்றில் ரயில் கட்டணமும் அரசு பஸ் கட்டணமும்தான் ஏறக்குறைய நிலையாக நிற்பவை. மற்றவை நாம் என்றைக்கு முடிவெடுத்தோம், எத்தனை பேர் கிளம்புகிறோம், எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்குப் போகிறோம் என்பதைப் பார்த்து மாறுபவை.

நெல்லை சந்திப்பிலிருந்து சென்னை எழும்பூர் ரயில் வழியில் சுமார் 650 கிலோமீட்டர். நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பருக்கு நானூறு ரூபாயை ஒட்டி ஆகிறது. மூன்றடுக்கு ஏசி ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். முன்பதிவில்லாப் பெட்டியில் ஸ்லீப்பர் கட்டணத்தில் பாதிக்குச் சற்று மேலே. கிலோமீட்டருக்கு அறுபது பைசா சில்லறையில் படுத்துத் தூங்கிக்கொண்டே போவதற்கு வேறு வண்டி கிடையாது. இந்த விலை எப்படிக் கட்டுபடியாகிறது என்றால், கட்டுபடியாகவில்லை என்பதுதான் பதில். நிலக்கரி, சிமென்ட், இரும்பு ஏற்றும் சரக்கு ரயில்களின் வருமானத்திலிருந்து பயணிகள் ரயிலின் நஷ்டத்தை ஈடுகட்டுகிறார்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்பி வருகிறது என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான விகிதம் குறைகிற மாதிரி கட்டண அட்டவணை அமைந்திருப்பதும் நம்மைப் போலக் கடைக்கோடியில் இருப்பவர்களுக்கு லாபம். 2025 ஜூலை 1 முதல் ஏசி அல்லாத எக்ஸ்பிரஸ் வகுப்புகளுக்குக் கிலோமீட்டருக்கு 1 பைசாவும் ஏசிக்கு 2 பைசாவும் ஏற்றியபோது, நெல்லை–சென்னை ஸ்லீப்பர் பயணி கூடுதலாகக் கொடுத்தது ஆறேழு ரூபாய்.

இவ்வளவு மலிவாக ஒன்றை விற்றால் அது தீர்ந்துபோகும். ரயிலில் விலை ஏறாததால், நெரிசல் முழுவதும் வரிசையாகவும் காத்திருப்புப் பட்டியலாகவும் மாறுகிறது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. நான்கு மாதம் முன்பே திட்டமிட வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் இப்போது எல்லாரும் அந்த அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கே ஒன்றாகக் கூடுகிறார்கள். தீபாவளி, பொங்கல் டிக்கெட் சில நிமிடங்களில் முடிந்துவிடும் செய்தி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது.

நெல்லைச் சீமைக்கு இது போதாதென்று தனி நெரிசல் நாட்களும் உண்டு. பங்குனி உத்திரம் என்றால் சென்னையில் பாதிப் பேருக்கு அது ஒரு சாதாரண நாள். இங்கே குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி ஊர் ஊராகக் கிளம்பும் நாள். மும்பையில் இருப்பவர்கூட அன்று வந்து சேர்ந்துவிடுவார். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில், கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர், ஆடியிலும் சித்திரையிலும் ஊர்க்கொடைகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள். இவையெல்லாம் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரிகிற தேதிகள். விவரமானவர்கள் கொடைக்கு நாள் குறித்த கையோடு அறுபது நாளைப் பின்னோக்கி எண்ணி வைத்துவிடுகிறார்கள். "சித்தப்பா, கொடைக்கு வாரியளா?" என்று அண்ணன் மகன் போன் பண்ணினால், "அதுக்கு இப்பவே டிக்கெட்டு போடணுமேடா" என்றுதான் பதில் வருகிறது.

தவறவிட்டவர்களுக்குத் தட்கால். பயணத்துக்கு முந்தைய நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணத்தில் 30 சதவீதம் கூடுதல். அது 100 ரூபாய்க்குக் குறையாது, 200 ரூபாயைத் தாண்டாது. அதாவது தட்கால் கிடைத்தால்கூட ரயில்தான் மலிவு. கிடைப்பதுதான் பாடு. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கால் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. உறுதியான தட்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

காத்திருப்புப் பட்டியலிலும் சூட்சுமம் இருக்கிறது. ரயில் புறப்படும் ஊரிலிருந்து எடுத்த டிக்கெட்டுக்குப் பொது ஒதுக்கீடு; அந்தப் பட்டியல் நன்றாக நகரும். இடையில் ஏறுகிறவர்களுக்குப் பல வண்டிகளில் கூட்டு ஒதுக்கீடுதான், அதாவது இடைப்பட்ட பல ஊர்களுக்கும் சேர்த்து ஒதுக்கிய சில இடங்கள்தான், வாய்க்கும். அதில் எண் பத்து என்றாலும் கடைசிவரை பத்தாகவே நிற்கலாம். அதனால்தான் கோவில்பட்டிக்காரர்கள் சிலர் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நெல்லையிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் இடம் கோவில்பட்டி என்று கொடுக்கிறார்கள். சில பத்து ரூபாய் கூட ஆகும், விதிக்கு உட்பட்டதுதான். 2025-ல் வந்த இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரிய உபகாரம். முன்பு வண்டி கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போதுதான் சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல், போடுவார்கள். 2025 ஜூலையில் அது எட்டு மணி நேரமாகி, டிசம்பரில் இரவு வண்டிகளுக்குப் பத்து மணி நேரமாவது முன்னதாகப் போட வேண்டும் என்றாகிவிட்டது. இரவு வண்டியில் இடம் உறுதியா இல்லையா என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டால், அன்றிரவு பஸ்ஸுக்கு ஆள் தயாராகலாம். சாயங்காலம் வரை மொபைலைப் பார்த்துக்கொண்டு பெட்டி கட்டுவதா அவிழ்ப்பதா என்று உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

முன்பதிவில்லாப் பெட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதில் போகாதவர்கள். இருட்டத் தொடங்கும்போதே நடைமேடையில் அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு நேராக வரிசை உருவாகிவிடும். காவலர் வந்து நிமிர்த்தினால் நேராக நிற்கும். வண்டி வந்ததும் வரிசை கலைந்துவிடும். ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழும், பின்னாலேயே ஒரு பை. மேலே சாமான் பலகையில் முதலில் ஏறிப் படுத்தவனுக்கு அன்றிரவு தூக்கம் உண்டு. கீழே நாலு பேர் இடத்தில் ஆறு பேர். மதுரையில் இன்னொரு கூட்டம் ஏறும்; அதற்குமேல் கழிப்பறைப் பக்கம்தான் இடம். இளவட்டங்களுக்கு இது ஒரு ராத்திரி. முதுகுவலிக்காரருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் இந்த மலிவு மலிவல்ல. வயதானவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. கீழ்ப் படுக்கையில் முன்னுரிமை மட்டும் மிச்சம்.

2023 செப்டம்பர் 24-ல் தொடங்கிய வந்தே பாரத் இந்தக் கணக்கில் புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்தது. காலை ஆறு மணிக்கு நெல்லையை விட்டு மதியம் இரண்டுக்குள் எழும்பூர். கட்டணம் ஸ்லீப்பரைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு. வேகமான வண்டிதான், ஆனால் ஒரு முழுப் பகலைத் தின்றுவிடுகிறது. நெல்லை எக்ஸ்பிரஸ் அதைவிட மூன்று மணி நேரம் கூட எடுத்தாலும் அது தூங்குகிற நேரம். காலையில் இறங்கி நேராக வேலைக்குப் போகலாம். எனக்குத் தெரிந்தவரை வந்தே பாரத்தின் உண்மையான வாடிக்கையாளர்கள் ராத்திரிப் பயணம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களும், ஆம்னி பஸ் விலையைப் பார்த்து மிரண்டவர்களும்தான்.

பஸ்ஸை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழக வண்டிக்குக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2018 ஜனவரியில் ஏற்றி, அதே மாதக் கடைசியில் கொஞ்சம் இறக்கினார்கள். தீபாவளிக்கு முந்தைய இரவும் அதே கட்டணம், ஆடி மாதச் செவ்வாய்க்கிழமையும் அதே கட்டணம். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் நகரச் சாதாரணப் பேருந்துகளுக்குத்தான். இந்த வண்டிகளுக்குச் செல்லாது. ஆம்னி பஸ் வேறு ரகம். அது ஒப்பந்த ஊர்தி அனுமதியில் ஓடுவதால் அரசுப் பேருந்து மாதிரி நிர்ணயித்த கட்டணம் இல்லை. உரிமையாளர் சங்கங்கள் தாங்களாகவே உச்சவரம்பு என்று ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. அதைத் தாண்டினால் போக்குவரத்துத் துறை பண்டிகை நேரத்தில் சோதனை நடத்துகிறது. சாதாரண வாரநாளில் ஆயிரம் ரூபாய்ப் பக்கம் கிடைக்கும் ஏசி படுக்கை, தீபாவளிக்கு முந்தைய நாள் சென்னையிலிருந்து மூவாயிரத்தைத் தாண்டும்.

நெல்லை வண்ணார்பேட்டையில் டிராவல்ஸ் கவுன்ட்டர் முன்னால் நின்றால் இந்த விலையின் ஏற்ற இறக்கம் காதில் விழும். "அண்ணாச்சி, இன்னைக்கு மெட்ராஸுக்கு எவ்வளவு?" "இன்னைக்குன்னா ஆயிரத்து எண்ணூறு சொல்லுதாவ. நாளைக்குப் போனா ஆயிரத்துக்கு முடிச்சுத் தாரேன்." அதே பஸ், அதே படுக்கை, அதே டிரைவர்.

இதைக் கொள்ளை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பாதி உண்மையும்கூட. மீதிப் பாதி, வண்டி திரும்பும் விதத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய மூன்று இரவுகள் தெற்கே வரும் எல்லா வண்டியும் நிரம்பி வழியும். மறுநாள் சென்னைக்குத் திரும்புவது காலி. டீசல், சுங்கம், இரண்டு டிரைவர் சம்பளம் எல்லாம் போகவர இரண்டு பக்கத்துக்கும் உண்டு. அந்தக் காலி ஓட்டத்தின் செலவையும் வருகிறவர் தலையில் கட்டுகிறார்கள், அதற்குமேல் முடிந்தவரை லாபத்தையும். இதில் பயணிக்கு ஒரு வழி இருக்கிறது. கூட்டம் வரும் திசைக்கு எதிர்த்திசையில் போகிறவருக்கு அந்த நாட்களில் பஸ் மிக மலிவு. பெரியவர்களைச் சென்னையில் உள்ள மகன் வீட்டுக்குத் தீபாவளிக்கு அனுப்பிவைக்கும் குடும்பங்கள் இதை நன்றாகவே பயன்படுத்துகின்றன.

கிளாம்பாக்கம் வந்த பிறகு பஸ்ஸின் கணக்கும் மாறிவிட்டது. 2023 டிசம்பர் 30-ல் திறந்த அந்தப் பேருந்து முனையத்தோடு தென்மாவட்ட வண்டிகள் நின்றுவிடுகின்றன. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கம் வீடு இருப்பவருக்கு வாசலில் இறக்கிவிட்ட மாதிரி. ராயபுரத்திலோ பெரம்பூரிலோ இருப்பவர் அதிகாலை ஐந்து மணிக்கு மூட்டையோடு இன்னொரு முப்பது நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும்; ஆட்டோ, கால்டாக்ஸி என்று இறங்கினால் நெல்லையிலிருந்து வந்த காசில் பாதியை அங்கே கொடுக்க நேரும். ரயில் தாம்பரத்திலும் நிற்கிறது, எழும்பூருக்கும் போகிறது. இரண்டு இடத்திலும் மின்சார ரயில் பக்கத்திலேயே. நம் பக்கமும் இப்படித்தான். திசையன்விளைக்காரருக்கு நெல்லை சந்திப்புக்கு வருவதே தனிப் பயணம்; அவர் ஊரிலிருந்தே நேராகச் சென்னைக்குப் பஸ் இருக்கும்போது முந்நூறு ரூபாய் கூடக் கொடுப்பது தப்பில்லை.

கார் விஷயத்தில் தலைக்கணக்குதான் முக்கியம். நெல்லையிலிருந்து சென்னை சாலை வழியில் சுமார் 625 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கும் வண்டி என்றால் 35 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மூவாயிரத்து ஐந்நூறு. கயத்தாறு பக்கம் சாலைப்புதூரில் தொடங்கி எட்டூர்வட்டம், கப்பலூர், சிட்டம்பட்டி, பூதக்குடி, சமயபுரம் என்று பரனூர் வரை பத்துக்கு மேற்பட்ட சுங்கச்சாவடிகள். எல்லாம் சேர்ந்து ஒரு வழிக்கு ஆயிரத்தை நெருங்கும். ஆக நாலாயிரத்து ஐந்நூறு. ஒருவர் போனால் வீண். இரண்டு பேர் என்றாலும் ஏசி ரயிலே மேல். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி என்று ஐந்து பேர் ஆகும்போது தராசு சாய்கிறது. ஐந்து வயது முதல் பன்னிரண்டுக்குள் உள்ள பிள்ளைக்கும் தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016 முதல் ரயிலில் முழுக் கட்டணம். ஐந்து ஏசி படுக்கை ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். வார இறுதி ஆம்னி என்றால் ஏழாயிரம், எட்டாயிரம். கார் அங்கே ஜெயிக்கிறது. போன இடத்தில் சுற்றவும் வண்டி கையில் இருக்கும்.

2025 ஆகஸ்ட் 15-ல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் இந்தக் கணக்கை இன்னும் தூக்கிவிட்டது. தொடங்கியபோது அதன் விலை 3,000 ரூபாய். 200 முறை கடக்கலாம், அல்லது ஓராண்டு. சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு மட்டும். ஒரு சாவடிக்குச் சுமார் பதினைந்து ரூபாய் ஆகிறது. சென்னைக்கு இரண்டு தடவை போய்வந்தாலே முதல் தேறிவிடும். ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை போகிறவர் இதை வாங்க வேண்டியதில்லை.

பெட்ரோல் பில்லில் வராத ஒரு செலவு ஓட்டுகிறவரின் தூக்கம். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவருக்கு, விழுப்புரம் தாண்டி மூன்று மூன்றரை மணிக்குக் கண் அசரும். நாலுவழிச் சாலை நேராக இருப்பதே அங்கே ஆபத்து. ஆக்டிங் டிரைவர் வைத்தால் அவர் சம்பளமும் சாப்பாடும், அவர் திரும்பி வரும் டிக்கெட்டும் சேரும்; அப்போது ஐந்து பேர் கணக்கும் ஏசி ரயிலுக்குச் சமமாகிவிடுகிறது. ஒருவழி டிராப் டாக்ஸி என்று கிலோமீட்டருக்குப் பதிமூன்று பதினாலு ரூபாய் விளம்பரம் வருகிறதே, அதில் டிரைவர் பேட்டாவும் சுங்கமும் தனி. கூட்டினால் பத்தாயிரத்தில் போய் நிற்கும். நோயாளியைப் படுக்க வைத்துக் கூட்டிப்போக வேண்டிய நேரத்தில் மட்டும் அதற்கு அர்த்தம் உண்டு.

விமானத்துக்கு வாகைக்குளம். தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும் நெல்லைக்காரருக்கும் அதுதான் பக்கம். பாளையங்கோட்டையிலிருந்து முக்கால் மணி நேரம். 2025 ஜூலை 26-ல் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். 1,350 மீட்டர் இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. ஓடுபாதை குட்டையாக இருந்ததால் நெடுங்காலம் ஏடிஆர் வகைச் சிறு விமானங்கள் மட்டுமே வந்துபோயின. எழுபது எண்பது பேர் ஏறும் விமானத்தில் கடைசி நேர இருக்கை என்றால் விலை சொல்லவே வேண்டாம். முன்கூட்டி எடுத்தால் நாலாயிரம் பக்கம், நெருக்கடியில் அதன் இரண்டு மூன்று மடங்கு. வாகைக்குளத்துக்கு டாக்ஸி தனி. வீட்டு வாசலிலிருந்து மீனம்பாக்கம் மெட்ரோ ஏறும்வரை எண்ணினால் நாலரை, ஐந்து மணி நேரம். ராத்திரி ரயிலோடு ஒப்பிட்டால் இதில் பகலில் மிச்சமாவது ஒன்றுமில்லை.

சாமான் விஷயம் வேறு இருக்கிறது. ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ இலவசம். விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோவும் கைப்பையில் 7 கிலோவும். ஊரிலிருந்து திரும்புகிற நெல்லைக்காரரின் மூட்டையில் புழுங்கலரிசி, கருப்பட்டி, நாலு தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, அல்வா டப்பா எல்லாம் இருக்கும். 15 கிலோவில் அரிசியே அடங்காது. கொப்பரையை விமானத்தில் ஏற்ற விடவே மாட்டார்கள்.

விமானம் மலிவாகத் தொடங்குவது தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும்போது. மும்பைக்கோ டெல்லிக்கோ ரயிலில் போனால் இரண்டு இரவு கழியும். போகவர நாலு நாள். அந்த நாலு நாள் சம்பளம் பிடிபடுகிறவருக்கு, விலை படிந்த நேரத்தில் வாங்கிய விமான டிக்கெட் ஏசி ரயிலைவிடக் குறைந்த செலவுதான். மாதச் சம்பளத்தில் லீவு மிச்சம் இருப்பவருக்கோ, தாராவியில் குடும்பமே இருந்து கோடை விடுமுறைக்கு ஆறு பேராக வருகிறவருக்கோ ரயிலை விட்டால் கதியில்லை. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தவர்கள் தொலைதூர விமானத்துக்குத் திருவனந்தபுரத்தையும், கோவில்பட்டிப் பக்கத்தவர்கள் மதுரையையும் பார்ப்பது வழக்கம். டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் காரில் போய்ச் சேரும் செலவைவிட அதிகமா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூருக்குப் பஸ்தான் சௌகரியம், எந்நேரமும் வண்டி. நாகர்கோவிலிலிருந்து வரும் ராத்திரி ரயிலில் இடம் கிடைத்தால் அது அதைவிட மேல்.

திரும்பும் டிக்கெட்டைத்தான் பலர் அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். பொங்கலுக்கு வருவது நாலைந்து நாளில் பரவலாக நடக்கும். திரும்புவது மட்டும் எல்லாருக்கும் கடைசி லீவு நாள் ராத்திரி. அன்றைக்கு வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் அரசு சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பினாலும் கூட்டம் குறையாது. ஒரு நாள் தள்ளி, பகலில் ஓடும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் ஏற முடிந்தவரோ மறுநாள் இரவு ஆம்னியில் போக முடிந்தவரோ பாதி விலையில் போய்ச் சேர்கிறார். சென்னையில் மளிகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் நிற்கும் நம் பையன்களுக்கு அந்த வசதி இல்லை. லீவு உண்டா இல்லையா என்பதை முதலாளி இரண்டு நாள் முன்னால்தான் சொல்வார். அதற்குள் அறுபது நாள் டிக்கெட் எப்போதோ தீர்ந்திருக்கும், தட்காலுக்குக் காலை பதினோரு மணிக்குக் கடையில் கூட்டம் நிற்கும். எல்லாரிலும் குறைந்த சம்பளக்காரனான அவன்தான் வருஷா வருஷம் போகும்போதும் வரும்போதும் ஆம்னியின் உச்ச விலையைக் கொடுக்கிறான்.